ஒன்ஸ்மோர் கேட்டவர் கவனத்துக்கு

நீதான் கத்தினாய். இல்லவே இல்லை என்று கற்பூரத்தை அடித்து அணைத்தாலும் செங்கமலம் நம்பப் போவதில்லை. கற்பூரம் அணைத்தவர்களோடுதான் அவள் வாழ்க்கை முழுக்கப் பேரம் பேசி வந்திருக்கிறாள். கெங்கையம்மன் திருவிழாக் கச்சேரியில், கரும்பு ஜூஸ் மிஷினுக்குப் பின்னால், வாயில் பீடாவோ பஞ்சுமிட்டாயோ எதையோ அடக்கிக்கொண்டு நின்று, "ஒன்ஸ்மோர்!" என்று கத்தியது நீ. அதோடு விட்டிருக்கலாம். பாடகி சிரித்துக்கொண்டே மறுபடி மைக்கை எடுத்தபோது, "பாட்டுக்கு இல்ல, கிட்டாருக்கு!" என்று இன்னொரு தரம் கத்தினாய். கத்திவிட்டு, கேட்டது வந்துகொண்டிருக்கும்போதே, கேட்ட ஆள் வேறு யாரோ என்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டு, எந்த பஸ்ஸிலோ எவன் வண்டியின் பின் சீட்டிலோ ஏறிப் போய்விட்டாய். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. மைக்கில் ஊதினாலே ஊதியவர் எந்தத் தெரு, காலையில் என்ன சாப்பிட்டார் என்று சொல்லிவிடுகிற செங்கமலத்தின் காதுக்கே உன் குரல் பிடிபடவில்லை என்றால், நீ வெளியூர். வெளியூர் என்பதால் கருங்கல்பட்டின் வழக்கம் உனக்குத் தெரிந்திருக்காது. தெரியாது என்பதெல்லாம் ஒரு சாக்கா?

வழக்கம் இதுதான்: கருங்கல்பட்டில் ஒன்ஸ்மோர் கேட்ட வாய்தான் 'போதும்' சொல்ல வேண்டும். வேறு எந்த வாயும் சொல்லக்கூடாது. ஒரு காலத்தில் கிழக்குத் தெரு ஒன்ஸ்மோர் கேட்க, மேற்குத் தெரு போதும் போதும் என்று கூவ, அந்தக் கூவலில் ஆர்மோனியப் பெட்டி கிணற்றுக்குள் போய், ஒரு மாசம் தண்ணீர் இறைத்தவர்களுக்கெல்லாம் வாளியோடு ஏதாவதொரு சுரமும் சேர்ந்து வந்த பிறகு, ஊர் கூடி அம்மன் முன்னால் செய்த ஏற்பாடு அது. அன்றிலிருந்து இங்கே எந்தக் கச்சேரியும் கேட்டவர் வாய் திறந்து 'போதும்' சொல்லாமல் முடிந்ததில்லை. சின்ன ஏற்பாடுதான். ஆனால் அம்மன் காதில் போட்டது.

செங்கமலம் யார் என்றும் உனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் உன்னைத் தேடிக்கொண்டிருப்பது அவள்தான். செங்கமலம் சவுண்டு சர்வீஸ் என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிய பெட்டிகளுக்குச் சொந்தக்காரி. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிட்டு வந்தவளில்லை. குழாய் ஸ்பீக்கரைப் பிள்ளையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டு புளியமரம் புளியமரமாக ஏறிக் கட்டியவள், கரண்டு அடித்து மரத்திலிருந்து விழுந்து, விழுந்த இடத்திலேயே எழுந்து உட்கார்ந்து, கம்பத்தைப் பார்த்துக் காது கூசுகிறமாதிரி நாலு வார்த்தை திட்டிவிட்டு மறுபடி ஏறியவள். பேரம் பேசாமல் அவள் எதையும் வாங்கியதில்லை. டாக்டர் மூன்று ஊசி என்றால், "ஒண்ணே போடு சாமி, பெருசா போடு" என்பாள். ஜோசியக்காரர் ஏழரைச் சனி என்றால், "அரையக் கழிச்சுக்க" என்பாள். கோபம் வந்தால் மைக் இல்லாமலே ஆறு தெருவுக்கும் கேட்கும்.

இஸ்ரவேல் அதற்கு நேர் எதிர். ஜோலார்பேட்டை ரயில்வே காலனிக்காரர், மனைவியை இழந்து வருஷங்களான மனிதர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் மற்ற நாட்களில் வெண்சங்கு இன்னிசைக் குழுவிலும் கிட்டார் வாசிக்கிறவர். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற வியாதி ஒன்று அவருக்கு உண்டு. நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு முன்னதாக வந்து இறங்கிவிட்டால், நாலு அடிக்கிறவரை பஸ் ஸ்டாண்டிலேயே நின்று வெயிலில் காய்ந்துவிட்டுத்தான் வருவார். அவர் கிட்டாருக்கும் வெயிலுக்கும் ஆகாது. வெயிலில் கம்பி நீளும், நீண்டால் தளரும், தளர்ந்தால் சுருதி இறங்கும். குளிரில் கம்பி சுருங்கும், விறைக்கும், சுருதி ஏறும். கருங்கல்பட்டோ சுற்றிலும் மொட்டைப் பாறையாக நின்று, பகலெல்லாம் குடித்த வெயிலைப் பொழுது சாய்ந்ததும் ஊர் மேல் துப்புகிற இடம். ஒரு பாட்டுக்குள் மூன்று தரம் கம்பியை முறுக்கி ஏற்றாமல் அவர் இங்கே வாசித்ததே கிடையாது.

கம்பியாவது பரவாயில்லை. காலால் மிதிக்கிற பெடல் ஒன்று இருந்தது, மிதித்தால் கிட்டார் தொண்டை கட்டிய சிங்கம் மாதிரி உறுமும். ஊரில் அதற்குக் கரகரப் பெட்டி என்று பெயர். சென்னையில் பழைய சாமான் கடை ஒன்றில் செங்கமலம் பேரம் பேசியே கடைக்காரனைக் களைக்க வைத்து, கடைசியில் அவனே கும்பிட்டு, பெட்டியோடு தன் மத்தியானச் சாப்பாட்டையும் கொடுத்து அனுப்பி வைத்த பெட்டி. அதன் வயிற்றில் இருந்தவை அந்தக் காலத்து டிரான்சிஸ்டர்கள். சூடு ஏறினால் சிங்கம் நாயாகிவிடும். மூச்சிரைக்கும், எச்சில் தெறிக்கும், பாதிச் சுரத்தை முழுங்கிவிடும். அதனால் கச்சேரி முழுக்க அதை கோலி சோடா ஐஸ் பெட்டியில் உட்கார வைத்து, பாலிதீன் பைக்குள்ளிருந்தபடியே மிதிக்க விடுவாள். பன்னீர் வாசனையோடு உறுமுகிற சிங்கம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

அன்று கச்சேரிக்கு முன்னால், பந்தலின் பின்புறம், செங்கமலம் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இஸ்ரவேலு, இத ஒத்தையாளா சுத்தினா முறுக்கிக்குது. அந்தப் பக்கம் ஒரு கை வேணும்."

"குடுங்க, புடிக்கிறேன்."

"இன்னிக்கு மட்டும் இல்லய்யா. எப்பவும்."

இஸ்ரவேல் ஒயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஒயரையே பார்த்தார்.

"கட்டிக்கிறியான்னு கேக்கறேன். இதுக்கு மேல கொறச்சிக் கேக்க எனக்குத் தெரியாது."

அவர் காது மடல் இரண்டும் சிவந்துபோயின. "கச்சேரி முடியட்டும் கமலம்," என்றார். "பதில் சொல்றேன்."

இப்போது புரிகிறதா நீ செய்த காரியம்?

நாலு மணிக் கத்திரி வெயிலில் கச்சேரி தொடங்கியது. தகரப் பந்தல் முனகியது, தவில்காரர்கள் தவிலுக்கடியில் நிழல் தேடினார்கள், கம்பிகள் வரிக்கு வரி தளர்ந்தன, இஸ்ரவேல் வரிக்கு வரி முறுக்கினார். அவர் தனியாக வாசிக்கிற இடம் வந்தது, செங்கமலம் பெட்டிக்குக் கூட ஒரு கட்டி ஐஸ் போட்டாள், அவர் மிதித்தார், சிங்கம் உறுமியது, நீ கத்தினாய். வழக்கம் வழக்கம்தான் என்று அவர் மறுபடி முதலிலிருந்து எடுத்தார். எடுக்கும்போது, இந்தத் தடவையாவது வெயில் கம்பியை இழுப்பதற்கு முன்னால் முந்திக்கொள்வோம் என்று ஆறு கம்பியையும் ஒரு முழு முறுக்கு ஏற்றினார். ஏற்றியதும் வெயில் இறங்கியது. அவ்வளவுதான். இத்தனை காலம் வெயில் கம்பியை இழுத்தது, அன்று கம்பி வெயிலை இழுத்தது. அதில் செங்கமலத்துக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. "குடுக்கல் வாங்கல்னா ரெண்டு பக்கமும்தான்," என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வால்யூமைச் சரி செய்தாள்.

பாறைகள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்து டிக் டிக்கென்று சொடுக்குப் போட்டன, பூசாரியின் வாயிலிருந்து மந்திரத்தோடு புகை வந்தது, கட்டிப்போட்ட எருமை தன் மூச்சையே பார்த்து மிரண்டு பின்வாங்கியது, ஐஸ் பெட்டியில் ஐஸ் உருகுவதை நிறுத்திக்கொண்டு யோசித்தது, பஜ்ஜிக் கடைக்கு முன்னால் பெருமாள் கோயில் வரிசை மாதிரி வரிசை நின்றது, கட்டிக்கொண்டு இருபது வருஷமாகக் கோடையில் தள்ளித் தள்ளிப் படுத்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்கள், ஆனந்தம் தாங்காமல் ஊரே பல்லைக் கிட்டித்துக்கொண்டு சிரித்தது. வாசிப்பு முடிந்தது. இஸ்ரவேல் கடைசிச் சுரத்தை மீட்டிவிட்டுக் கரும்பு ஜூஸ் மிஷின் பக்கம் பார்த்தார். ஊரும் திரும்பிப் பார்த்தது.

நீ இல்லை.

கம்பி நிற்கவில்லை. உள்ளங்கையால் அமுக்கினார், நிற்கவில்லை. தோள்வாரைக் கழற்றப் பார்த்தார், கழுத்தைக் கட்டிக்கொண்ட குழந்தை மாதிரி கிட்டார் இறங்க மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறார்.

குழுவில் மற்றவர்கள் அடுத்த ஊர்க் கச்சேரிக்குப் போய்விட்டார்கள், ஒன்ஸ்மோர் கிட்டாருக்குத்தானே. இஸ்ரவேலுக்குப் பந்தலிலேயே கட்டில் போட்டார்கள். பாட்டில் வலது கைக்கு ஓய்வு வருகிற இடங்களில் இட்லி சாப்பிடுவார். கடைசிச் சுரம் தானாக நீண்டு ரீங்கரிக்கிற நேரத்தில் தூங்குவார். அது தேய்ந்து அடங்கப் போகும்போது யாராவது தோளைத் தட்டினால் போதும், கண்ணைத் திறக்காமலே மறுபடி எடுத்துவிடுவார். குளிக்க வைப்பதற்குக் குடை வேண்டியிருந்தது, அவருக்கு இல்லை, கிட்டாருக்கு.

கிட்டாரில் ஆறு கம்பி, கருங்கல்பட்டில் ஆறு தெரு. எந்தக் கம்பி எந்தத் தெருவுக்கு என்று கண்டுபிடிக்க ஒரு பொழுதுகூட ஆகவில்லை. தடித்த கம்பியைத் தளர்த்தினால் மசூதித் தெருவில் வியர்த்தது, மெல்லிய கம்பியை முறுக்கினால் கோயில் தெருவில் எண்ணெய் உறைந்தது. குளிருக்கு அளவும் வந்துவிட்டது. கம்பியின் திருகாணியை முழுச் சுற்றுச் சுற்றினால் ஒரு முறுக்கு, பாதி சுற்றினால் அரை முறுக்கு, அதற்கும் கீழே கால். "எங்க வூட்ல அம்மாவுக்கு ஜொரம், தெருவுக்கு ஒரு கால் முறுக்கு கொறைங்க" என்றும், "மாப்ள வூட்டுக்காரங்க வராங்க, அரை முறுக்கு சேத்துப் போடுங்க" என்றும் ஆட்கள் காலையிலேயே பந்தலுக்கு வந்து நின்றார்கள். கரகரப் பெட்டியை மிதித்தால் இடி இடித்தது. ஐஸில் வைத்து மிதித்தால் நல்ல முழுசான இடி, வெயிலில் வைத்து மிதித்தால் பொறுக்கிப் பொறுக்கி விழுகிற தூறல். மிதிப்பதற்கு முன்னால், கொடியில் துணி போட்டவர்கள் எடுத்துக்கொள்ளுமாறு செங்கமலம் மைக்கில் அறிவித்துவிடுவாள். திருகாணிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது அவள்தான். அவளைத் தாண்டி யாரும் கால் முறுக்குகூட வாங்க முடியாது.

"யக்கா, காலைல ஒரு முறுக்கு தளத்து," என்று அப்பளம் போடுகிற நவநீதம் வந்து நிற்பாள். "ஒண்ணும் காயல. நமுத்துப்போயி நாய்க் காது மாதிரி தொங்குது."

"ஒரு முறுக்கா? வாய் கூசாம கேக்கறியே. கால்."

"கால்ல இன்னா காயும்? கண்ணீர்கூட காயாது. முக்கா குடு."

"அடியே நவநீதம்," என்று ஸ்வெட்டர் மூட்டையோடு தஸ்தகீர் குறுக்கே வருவார், "ஊட்டிலேர்ந்து சரக்கு எறக்கி வச்சிருக்கேன். என் வயித்துல அடிக்காத."

"வயித்துக்கும் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்க பாய், அடி தெரியாது."

"கமலக்கா, நீயே சொல்லு, நான் இன்னா பாவம் பண்ணேன்?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. நவநீதம், உனக்கு அரை முறுக்கு, உன் தெருவுக்கு மட்டும், பத்து மணி வரிக்கும். பாய், நீ அந்நேரத்துக்கு அடுத்த தெருவுல கூவு. இதுக்கு மேல எவனாவது பேசினா பெட்டிய மிதிச்சிருவேன், அப்பளமும் நனையும் ஸ்வெட்டரும் நனையும்."

இஸ்ரவேல் வாசித்துக்கொண்டே சிரிப்பார். அவர் சிரித்தால் ஊரில் இளங்காற்று அடிக்கும், அதைச் செங்கமலம் கண்டுகொள்ளாத மாதிரி ஒயரை எடுத்துத் துடைப்பாள்.

பிறகு ஒரு நாள் கம்பிகள் சொன்ன பேச்சைக் கேட்காமல் ஏறியும் இறங்கியும் தகராறு செய்தபோது ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. இஸ்ரவேல் தெரியாத்தனமாக, "தலைப் பக்கம் சூடா இருக்கு, கழுத்து லேசா வளையுது, உடம்பு அதிருது" என்று சொல்லிவிட்டார். கிட்டார்க்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். திருகாணி இருக்கிற இடம் தலை, விரல் ஓடுகிற இடம் கழுத்து, பெட்டி உடம்பு. கருங்கல்பட்டுக்குக் கிட்டார் தெரியாது, ஆனால் தலை சூடாகிக் கழுத்து வளைந்து உடம்பு அதிர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சனிக்கிழமை காலை, நல்லெண்ணெயை மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி எடுத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். இஸ்ரவேல் வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே வாசிக்க, கிட்டாரின் உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, கழுத்தை நீவிவிட்டு, சீயக்காய் தேய்த்து, சாம்பிராணியும் காட்டினார்கள். அன்று ஊர் மேல் இறங்கிய பனி எண்ணெய்ப் பனி. நடந்தவர்கள் எல்லாம் வழுக்கினார்கள். மசூதித் தெருவில் வழுக்கியவர் கோயில் தெருவில் போய் எழுந்தார், பஞ்சாயத்துத் தலைவர் ஏகாம்பரம் வேட்டியோடு ஊரை இரண்டு சுற்று வந்து மூன்றாவது சுற்றில்தான் ஒரு தூணைப் பிடித்தார், விழுந்தவர்களைத் தூக்கப் போனவர்களும் விழுந்து, யார் கை யார் கால் என்று தெரியாமல் கட்டிப் புரண்டு, சாயங்காலத்துக்குள் இரண்டு பழைய பகை தீர்ந்து மூன்று புதுக் காதல் உண்டானது. ஊரெல்லாம் சீயக்காய் மணத்தது. மறுநாள் கம்பிகள் சமர்த்தாக இருந்தன. எண்ணெய்க் குளியல் தப்பு என்று அதற்குப் பிறகு யாரால் சொல்ல முடியும்?

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். செங்கமலமும் சந்தோஷமாகத்தான் இருந்தாள், நாளுக்கு ஒரு தடவை தவிர.

"பதில் எங்கய்யா?"

"கச்சேரி முடியலியே கமலம்."

"தலய ஆட்டினா போதும்."

"முடிஞ்சதும் சொல்றேன்னு சொல்லிட்டேனே. முன்னாடியே சொன்னா, நாளைக்கு என் பேச்சுக்கு என்ன மரியாதை? நீங்களே நம்பமாட்டீங்க."

அந்த மனிதரை அவளுக்குப் பிடித்துப்போனதே இந்தக் கிறுக்குக்காகத்தான் என்பதால், அவளால் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. பக்கத்தில் நின்ற கம்பத்தைத் திட்டினாள்.

பிறகு உன் வேலையை வேறு ஆட்களை வைத்து முடிக்கப் பார்த்தாள். முதலில் அவளே கரும்பு ஜூஸ் மிஷினுக்குப் பின்னால் போய் நின்று "போதும்!" என்று கத்தினாள். கம்பி 'டொய்ங்' என்றது, ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் தும்மியது, வாசிப்பு தொடர்ந்தது. ஒருவேளை குரல் அப்படி இருந்திருக்குமோ, இப்படி இருந்திருக்குமோ என்று ஆட்களை வரிசையில் நிறுத்தினாள். வாயில் பீடா போட்டுச் சொல்ல வைத்தாள், பஞ்சுமிட்டாய் திணித்துச் சொல்ல வைத்தாள், ஜலதோஷக்காரர்களைத் தேடிப் பிடித்துச் சொல்ல வைத்தாள். திருவிழாவில் கடை போட்ட வளையல்காரரையும் ராட்டினக்காரரையும் அவரவர் ஊருக்கே போய் இழுத்து வந்தாள். ஒவ்வொரு பொய்ப் 'போதும்'முக்கும் ஒரு டொய்ங், ஒரு ஊர்த் தும்மல். தும்மித் தும்மி மாமரத்தில் இருந்த பிஞ்செல்லாம் உதிர்ந்தபோது, மாந்தோப்புக்காரர் வந்து அவள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டு அதை நிறுத்தினார்.

இதற்கிடையில்தான் அவள் திருகாணியைக் கவனித்தாள். ஊருக்கு வெளியே கத்திரி வெயில் போய்விடவில்லை. பாறைகளுக்கு அந்தப் பக்கம் நின்று உள்ளே வரத் தள்ளிக்கொண்டிருந்தது. நேற்றைய குளிர் இன்றும் நிற்க வேண்டுமானால் இன்று கொஞ்சம் கூட முறுக்க வேண்டியிருந்தது. முறுக்கி முறுக்கிக் கிட்டாரின் கழுத்து அம்பு பூட்டிய வில் மாதிரி வளைந்திருந்தது. மெல்லிய கம்பி, கோயில் தெருக் கம்பி, இனி ஒரு முறுக்குக்கு மேல் தாங்காது.

"அறுந்தா இன்னா ஆவும்?" என்று கேட்டாள்.

இஸ்ரவேல் நேர்மையாக யோசித்தார். அவர் யோசித்த நேரத்தில் ஊர் மேல் ஒரு மேகம் வந்து நின்றது. "அறுந்தா, கச்சேரி முடிஞ்சதா ஆகாது கமலம். அறுந்ததாத்தான் ஆகும்."

"அப்போ பதில்?"

"முடிஞ்சா சொல்றேன்னுதான சொன்னேன்."

செங்கமலத்துக்கு முதல் தடவையாக அந்தக் குளிர் எலும்பில் ஏறியது. அன்றே ஊரைக் கூட்டினாள். எல்லாத் திருகாணியையும் தளர்த்திவிடுவோம், கம்பிக்கு ஓய்வு கொடுப்போம், கேட்ட ஆளைத் தேடிப் பிடிப்போம், போதும் சொல்ல வைத்துக் கச்சேரியை ஒழுங்காக முடிப்போம் என்றாள். ஊர் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு முறைத்தது.

"கமலம்," என்று ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனச்சிக்காத. உனக்கு ஒரு கல்யாணம் ஆவணும்னு ஊரே வேவணுமா?"

"இத்தினி வருஷம் வெந்தியே தலைவரே, கருகியா போய்ட்ட? நல்லாத்தான் பழுத்திருக்க."

"அதுக்கில்லம்மா. சொகம் கண்டுட்டோம். எப்டி வுடறது?"

"நீங்க கேட்டா வந்துது இந்த சொகம்? அவரு விரல் தேஞ்சி வருது. அவரும் உங்களாட்டம் ஒரு பொழுது கைய கட்டிக்கினு பஜ்ஜி தின்ன வேணாமா?" சத்தம் ஏறியது, பாறையில் பட்டுத் திரும்பி வந்து அவள் முதுகிலேயே அடித்தது. பிறகு, கோபத்தால் ஆகாதது பேரத்தால் ஆகும் என்று தெரிந்தவள் என்பதால், குரலை இறக்கினாள். "சரி, இப்டி வெச்சிக்கலாம். இந்த வருஷம் இது முடியட்டும். அடுத்த வருஷம் கத்திரி பொறந்த அன்னிக்கு அவர இங்கயே உக்கார வெச்சி, ஒன்ஸ்மோர் நானே கேக்கறேன். எத்தினி முறுக்கு வேணுமோ வாங்கிக்கங்க. கழுத்து வளையறதுக்கு முன்னாடி நானே போதும் சொல்றேன். நான் உள்ளூர்க்காரி. பஸ் ஏறி ஓட மாட்டேன்."

"வருஷா வருஷமா?"

"வருஷா வருஷம்."

"தீபாவளிக்கும் ஒரு கால் முறுக்கு?" என்றாள் நவநீதம், பின்வரிசையிலிருந்து.

"சாவுடி, குடுத்தேன்."

ஊர் ஒத்துக்கொண்டது. செங்கமலம் உலகத்தில் செய்த பேரங்களிலேயே பெரியது அதுதான். அதற்காக அவள் பெருமைப்பட நேரமில்லை. இருந்த குழாய் ஸ்பீக்கர்களையெல்லாம் எடுத்துப் பாறை பாறையாக ஏறி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு திசைக்குத் திருப்பி, சாலைக்கு ஒன்று, ரயில் தண்டவாளத்துக்கு ஒன்று, ஆம்பூருக்கு ஒன்று, ஆந்திரா பக்கம் ஒன்று என்று கட்டினாள். ஊர் மொத்தமும் ஒயர் பிடித்தது. திருகாணிகளை ஆளுக்குக் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள், கோயில் தெருக் கம்பியைத் தவிர; அது இறுகியிருந்த இறுக்கத்தில் எந்தப் பக்கம் தொட்டாலும் அறுந்துவிடும் போலிருந்தது. அது மட்டும் அப்படியே நின்று, கோயில் தெருவில் மட்டும் மார்கழி நடந்துகொண்டிருந்தது.

எல்லாம் கட்டி முடித்து இறங்கி வந்து, பந்தலின் கீழே, அந்த மார்கழிக்கு நடுவே, கையைத் தேய்த்துக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று முதுகில் வெயில் பட்டது. திரும்பிப் பார்த்தாள். இஸ்ரவேல் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரும் தொடப் பயந்த அந்தக் கம்பியின் திருகாணியைத் தொட்டும் தொடாமலும் ஒரு மயிரிழை தளர்த்தியிருந்தார். கோயில் தெரு முழுக்கக் குளிர் அப்படியே இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த பாய் அளவு இடத்தில் மட்டும் இளவெயில் அடித்தது. தலைமுடி ஈரம் காய்ந்தது. காது மடல் சுட்டது. பாயின் ஓரத்தில் கை நீட்டிப் பார்த்தாள், வெளியே குளிர். உள்ளே இழுத்தாள், வெயில்.

"இதான் பதிலா?" என்றாள்.

"கச்சேரி முடியலியே," என்றார் இஸ்ரவேல், கண்ணைத் திறக்காமல். ஆனால் சிரித்தார், இளங்காற்று அடித்தது, பந்தல் ஓரத்துத் தோரணமெல்லாம் துள்ளின.

"எனக்கு வாயால வேணும்யா," என்று சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, செங்கமலம் மைக்கை ஊதிப் பார்த்தாள். எட்டுத் திசையிலும் அவள் மூச்சு கேட்டது. பிறகு பேசினாள். இப்போது நீ எங்கே இருந்தாலும், டீக்கடையிலோ, பஸ் ஜன்னலோரத்திலோ, வேறு ஊர்த் திருவிழாவில் வேறு எவனையோ ஒன்ஸ்மோர் கேட்கிற கூட்டத்திலோ, உன் காதில் விழுகிற இந்தச் சத்தம் அவளுடையதுதான்:

"கருங்கல்பட்டு கெங்கையம்மன் திருவிழாவுல கிட்டாருக்கு ஒன்ஸ்மோர் கேட்டவர் கவனத்துக்கு. கேட்டவர் கவனத்துக்கு. நீ யாரா இருந்தாலும் பரவால்ல, நான் அடிக்க மாட்டேன். திட்டுவேன், ஆனா சாப்பாடு போட்டுட்டுத் திட்டுவேன். கம்பி ஒரு மயிரிழையில நிக்குது, அவரு விரல் தேஞ்சிக்கினு கீது, நான் பாதி பதில முதுகுல வாங்கி வெச்சிக்கினு உக்காந்துகினு கீறேன். கேட்டவங்கதான் நிறுத்தணும், அது இங்க வழக்கம். வா. வந்து மேடையேற வேணாம், பந்தல் வாசல்ல நின்னு சொல்லு. வாசல் வரைக்கும் வர வெக்கமா இருந்தா ஊர் எல்லைல நின்னு சொல்லு, எனக்குக் காது நல்லாக் கேக்கும். அதுவும் முடியலியா, எங்க நிக்கறியோ அங்கயே, இந்தப் பாறைங்கள பாத்து, ஒரே ஒரு வார்த்தை. முழு வார்த்தைகூட வேணாம், கொறச்சிக்கறேன். 'போ'ன்னு மட்டும் சொல்லு. எத்தினியோ பேரப் பாத்து சொல்லியிருப்ப, வாய் வலிக்காது. 'தும்'ம நான் போட்டுக்கறேன். இதுக்கு மேல என்னால எறங்க முடியாது. சொல்லு. இப்பவே சொல்லு."